கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டது

அக்கா,

அம்மா பின்பக்கம் உட்கார்ந்து சாம்பல் சலித்துக்கொண்டிருக்கிறாள். வெந்நீர் அடுப்பில் எரிந்த முந்திரி விறகின் சாம்பல். ஆறிய சாம்பலுக்கும் ஒரு வாசனை உண்டு. லேசாகக் கருகிய வாசனை, தூரத்தில் எங்கோ மழை பெய்ததுபோல. அது மூக்கில் பட்டதும் உங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் அப்படியே வந்து நின்றது.

இன்று சாயங்காலமும் நான் அப்படி உட்கார வேண்டும். இந்த முறை அப்பாவுக்காக. உள்ளேயிருந்து நான்தான் கேட்க வேண்டும். முதலில் உங்களிடம் கொஞ்சம் பேசினால் குரல் வரும் என்று தோன்றியது. உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த பாஷையில் கேட்டாலும் உங்களுக்குப் புரியும் என்று உங்கள் அண்ணன் சொன்னார். அதை நம்பி எழுதுகிறேன்.

நீங்களும் உங்கள் அண்ணனும் எங்கள் பின் அறைக்குக் குடிவந்தபோது அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது தெருமுனையிலேயே சைக்கிள் பெல்லை அடிக்க ஆரம்பித்துவிடுவார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். ஒரு நாள் அப்படி வந்தவர், மார்பு வலிக்கிறது என்று படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் ஒன்பதாவதோடு நின்றேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிறவள் நான்.

தெருவில் எல்லோரும் உங்களை இந்திக்காரங்க என்றார்கள். வடக்கேயிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் இங்கே அதுதான் பெயர். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். ஒரு நாள் அவள் முகத்துக்கு நேராகவே நீங்கள் கேட்டீர்கள்.

"அம்மா, நீங்க தெலுங்கா?"

"நாங்க ஏன் தெலுங்கா இருக்கணும்? தமிழு."

"அப்போ நான் ஏன் இந்தி?"

நீங்கள் சிரித்துவிட்டு, ஜார்க்கண்டில் உங்கள் ஊரின் பெயரையும், முண்டா என்ற உங்கள் ஜனத்தின் பெயரையும் நிதானமாகச் சொன்னீர்கள். இந்தி நீங்களும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதுதானாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது, ஒரு பெயரை ஒட்டிவிட்டு ஓர் ஆளைத் தெரிந்துவிட்டதாக நாங்கள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று.

உங்கள் அண்ணன் மைன்ஸுக்குப் போனதும் அவருக்கும் அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துச் சமைப்பீர்கள். பிறகு பின்வாசல் படியில் வந்து உட்காருவீர்கள். நானும் உட்காருவேன். இரண்டு பேரும் பேசமாட்டோம். ஒரு தடவை நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, "உனக்கு வார்த்தை கொஞ்சம். எனக்குத் தமிழ் வார்த்தை கொஞ்சம். சரியாப் போச்சு மை" என்றீர்கள். உங்கள் ஊரில் சின்னப் பெண்களை 'மை' என்று கூப்பிடுவார்களாம். அந்த ஓர் எழுத்தில் என்னை யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இப்போதும் சில நேரம் காது தேடுகிறது.

உங்களிடம் அம்மாவுக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. டீ கொடுத்தால் குடிப்பதற்கு முன்னால் தரையில் சில சொட்டு விடுவீர்கள். "நீ ஊத்து, நான் தொடைக்கறேன்" என்று அம்மா முணுமுணுப்பாள். முன்னால் போனவர்களுக்கு முதல் வாய் கொடுப்பதாக நீங்கள் சொன்னீர்கள். டீ கூடவா என்று கேட்டேன். "அவங்களுக்கும் களைப்பு இருக்கும்ல" என்றீர்கள். முருங்கைக் கீரை ஒடிக்கும்போதும் மரத்திடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் கை வைப்பீர்கள். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பெரிதாக ஒன்றும் இல்லை, கேட்டுவிட்டு எடுக்கிறேன் என்றீர்கள். மரம் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டிருக்கலாம்.

முந்திரித் தோப்பில் கூடு கட்டும் சிவப்பு எறும்பை இலையோடு பிடித்துவந்து, உப்பும் மிளகாயும் வைத்து அரைத்துத் துவையல் செய்தீர்களே, அன்று அம்மா தன் அம்மிக்கல்லை மூன்று தடவை கழுவினாள். நான் மட்டும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். எலுமிச்சையை விடப் புளிப்பு. அந்த எறும்பு கடித்து அழுதுகொண்டே வளர்ந்தவள் நான். அதற்கு இப்படி ஒரு ருசி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

குலத்தைப் பற்றிச் சொன்னது அதற்குப் பிறகா முன்னாலா என்று ஞாபகம் இல்லை. உங்கள் ஜனத்தில் ஒவ்வொரு குலமும் ஏதாவது ஓர் உயிருக்குச் சொந்தம். அந்த உயிரைக் கொல்லக் கூடாது, தின்னக் கூடாது. உங்களுடையது என்ன என்று கேட்டேன். ஈர விரலால் தரையில் வட்டம் போட்டு, நாலு கால் வைத்து, தலையும் வைத்தீர்கள். ஆமை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

"ஆமையா? அது வூட்டுக்குள்ள வந்தா ஆவாதும்மா."

நீங்கள் தரையில் இருந்த படத்தைப் பார்த்தீர்கள். அம்மாவைப் பார்த்தீர்கள். "நான் வந்துட்டேனே" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

வடலூருக்குத் துணி எடுக்கப் போய்விட்டு நாம் திரும்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? ஷேர் ஆட்டோ பழுதாகி நின்றதால், சுரங்கம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இறங்கி நின்றோம். கீழே, வெகு கீழே, அந்தப் பெரிய சக்கர இயந்திரம் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் அது நகர்வதே தெரியாது. அப்பா பிறந்த ஊர் அங்கேதான் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் கவனித்தேன், நான் காற்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். மண் இருந்த உயரத்தில் இப்போது வெறும் காற்றுதான் இருந்தது. சுரங்கத்துக்கு நிலத்தை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள், எங்கள் ஜனம் நாங்கள் இப்போது இருக்கும் வடக்குத்துப் பக்கம் வந்தது. எனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான்.

"அங்க செத்தவங்க?" என்று கேட்டீர்கள்.

எனக்குப் புரியவில்லை. அந்த ஊர்ச் சுடுகாட்டில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை அந்த ஊரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு கொடுத்தார்கள், அவனுக்கு பர்மனென்ட் வேலை கிடைத்தது, இவனுக்குக் கிடைக்கவில்லை என்று பேசியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டு நான் கேட்டதில்லை.

நீங்கள் செல்போனில் ஒரு படம் காட்டினீர்கள். மரங்களுக்கு அடியில் அகலமான கற்கள், சில படுத்துக்கொண்டு, சில சாய்ந்துகொண்டு. உங்கள் குலத்தில் இறந்தவர்களின் எலும்பு எல்லாம் அந்தக் கற்களுக்குக் கீழே. "இது எங்க பட்டா" என்றீர்கள். "பேப்பர் பட்டாவை கரையான் தின்னுடும். இதை எந்தக் கரையான் தின்னும்?" நிலம் நமக்குச் சொந்தம் என்றுதான் நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். நீங்கள் படத்தைக் காட்டிச் சொன்னது வேறு மாதிரி இருந்தது. கீழே படுத்திருக்கிறவர்களுக்கு நிலம் சொந்தம், நிலத்துக்கு நீங்கள் சொந்தம்.

பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, சுரங்கத்தின் பக்கம் பார்த்துக் கொஞ்சம் ஊற்றினீர்கள். உங்கள் பாஷையில் ஏதோ பேசினீர்கள். ஆட்டோக்காரர், "இன்னாம்மா, யாருக்கு போன்?" என்றார். நான் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "யார் யாருன்னு எனக்குத் தெரியாது. இருக்கீங்களான்னு கேட்டேன்." அவ்வளவுதான். எங்கள் தாத்தாக்களையும் அவர்களுக்கு முந்தியவர்களையும், எங்கோ ஒரு தூர தேசத்துப் பெண் வந்து, இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டாள். எனக்கு அந்தக் குழி அன்று முதல் வேறு மாதிரி தெரிகிறது. அவ்வளவு பெரிய பள்ளத்தில் யாரோ காது கொடுத்துக்கொண்டிருப்பதுபோல.

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். பிறகு கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் அண்ணனும் கூட வேலை செய்கிறவர்களும் இங்கேயே சுடுகாட்டில் எரித்தார்கள். உங்கள் அண்ணன் எலும்பை ஒரு சின்ன மண்கலயத்தில் எடுத்து, உங்கள் பச்சைத் துண்டால் கட்டி, பின்வாசலில் வேப்பங்கிளையில் தொங்கவிட்டார். ஊருக்குக் கொண்டுபோய்க் கல்லுக்குக் கீழே வைக்க வேண்டும் என்றார்.

அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் வந்து நின்றார். எரித்த இடத்தில் உங்கள் நிழல், செத்த பிறகும் மிஞ்சுகிற உயிர், நின்றுகொண்டிருக்குமாம். அதைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, நீங்கள் சமைத்து வாழ்ந்த அறைக்குள் சேர்க்க வேண்டும். ஊரில் சொந்த வீட்டில் செய்வது. இங்கே இந்த வாடகை அறைதான் உங்கள் வீடு. அதனால் அனுமதி கேட்டார்.

அம்மா மிரண்டுபோனாள். நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். அப்பாவை எரித்துவிட்டு வந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்த்தால் கூடவே வந்துவிடும் என்று. வீட்டைக் கழுவிவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா பெயரைச் சொல்லி அழக் கூடாது என்றார்கள்.

"செத்தவங்கள வெளிய அனுப்பற வூடு தம்பி இது. உள்ள கூப்பிடற வூடு இல்ல. அதுவும் ஆமைன்னுகினு இருந்த பொண்ணு. அக்கம்பக்கம் இன்னா பேசும்?"

உங்கள் அண்ணன் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். "தங்கச்சிய வெளிய வுட்டுட்டு நான் எப்பிடிம்மா உள்ள தூங்கறது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போகத் திரும்பினார். நீங்கள் மழையில் சுடுகாட்டில் நின்றுகொண்டிருப்பது என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் வாய் திறந்துவிட்டது.

"அப்பாவ அனுப்பிட்டு நீ நிம்மதியாவாம்மா இருக்கற?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. எழுந்து பின்பக்கம் போனாள். வெகு நேரம் அங்கேயே இருந்தாள். உங்கள் அண்ணன் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றார். வாசற்படிக்கு உள்ளே தரையில் சாம்பல் தூவ வேண்டுமாம், உள்ளே வந்தவரின் தடம் அதில் விழுமாம், நீங்கள் கேஸ் அடுப்பில் சமைத்ததால் சாம்பலுக்கு எங்கே போவது என்று என்னிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அப்போது அம்மா ஒரு பழைய டின்னோடு வந்தாள்.

"இது எங்க வெந்நீ அடுப்பு சாம்பலு. இது ஆவுமான்னு கேளு."

அடுத்த நாள் பொழுது சாயும் நேரம். அவரும் ஒரு கூட்டாளியும் சுடுகாட்டுக்குப் போக, உள்ளே வீட்டுப் பெண்கள் இருக்க வேண்டும். உங்களுக்கு இங்கே வீட்டுப் பெண் யார்? "மை தான்" என்றார். விளக்கில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் இருக்க வேண்டும். அவர்கள் இரும்பைத் தட்டிக்கொண்டு வருவார்கள். கதவைத் தட்டுவார்கள். அப்போது உள்ளேயிருந்து கேட்க வேண்டும், என்ன கொண்டுவந்தீர்கள், துக்கமா, சந்தோஷமா என்று. கேட்டால்தான் பதில். பதில் வந்தால்தான் கதவு. கேட்காவிட்டால் நீங்கள் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். அவர் உங்கள் பாஷையில் அதைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். என் நாக்கு புரளவில்லை. எந்த பாஷையில் கேட்டாலும் உங்களுக்குப் புரியும் என்றது அப்போதுதான்.

அம்மாவும் என்னோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. சாம்பலைத் தூவிவிட்டு விளக்கை அணைத்தோம். உங்கள் மிளகாய்ப் பொடி டப்பாவின் வாசனை அறையில் இன்னும் இருந்தது. தூரத்தில் மைன்ஸ் சைரன் ஊதி ஓய்ந்தது. பிறகு அந்தச் சத்தம். டிங், டிங் என்று இரண்டு அரிவாள்கள் ஒன்றோடு ஒன்று தட்டிக்கொண்டு, முந்திரித் தோப்பு வழியாக, மெதுவாக, யாரோ நடக்கச் சிரமப்படுகிறவரை அழைத்துக்கொண்டு வருவதுபோல வந்தது. எங்கள் தெருவில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஒருவரையும் இப்படிக் கூட்டிக்கொண்டு வந்ததில்லை.

கதவு தட்டப்பட்டது. குரல் வராமல் என் கைதான் மேலே போனது. வகுப்பில் போலவேதான். மறுபடி இரும்புச் சத்தம், மறுபடி கதவு. அம்மா கேட்டுவிடுவாள் என்று அவள் பக்கம் திரும்பினேன். இருட்டில் அவள் கை என் முழங்காலைப் பிடித்து அழுத்தியது. அவ்வளவுதான். கேட்கவில்லை. நீங்கள் மை என்று கூப்பிட்டது என்னைத்தான், அவளை இல்லை.

"என்ன கொண்டாந்தீங்க? துக்கமா, சந்தோஷமா?"

என் குரல்தான். அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"சந்தோஷம்" என்று வெளியே உங்கள் அண்ணன் தமிழில் சொன்னார். பிறகு உங்கள் பாஷையிலும் சொன்னார். குரல் உடைந்திருந்தது. தங்கையைப் பறிகொடுத்தவர் சந்தோஷம் என்கிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போய்வந்திருக்கிறார். கதவைத் திறந்தேன்.

விளக்கேற்றிக் குனிந்து பார்த்தோம். சாம்பலில் ஒரு தடம் இருந்தது. எறும்பு போனதாக இருக்கலாம், கதவு திறந்த காற்றாக இருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். வாசலிலிருந்து கொஞ்ச தூரம் வந்து, நின்று, பிறகு அடுப்பு மூலைப் பக்கம் போயிருந்தது. உங்கள் அண்ணன் அதன் அருகே கையை ஊன்றிக்கொண்டு அழுதார், சிரித்தார். அம்மா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் டீ போட்டு எடுத்துவந்தாள். யாரும் சொல்லாமலேயே, முதலில் தரையில் சில சொட்டு விட்டாள்.

உங்கள் அண்ணன் கலயத்தோடு ஊருக்குப் போய்விட்டார். கான்ட்ராக்ட் முடிந்தது, இனி வரமாட்டார். கல்லுக்குக் கீழே உங்களை வைத்த படத்தை அனுப்பினார். போன மாதம் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டு வந்தார். அம்மா யோசிக்கவே இல்லை. "அந்த ரூமுல ஆளு இருக்குதுங்க" என்று அனுப்பிவிட்டாள். எலும்பு அங்கே, நிழல் இங்கே, இதெல்லாம் எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்மா கேட்டாள், அப்பாவையும் அப்படிக் கூப்பிடலாமா என்று. சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் நீங்கள் முருங்கை மரத்திடம் நின்றது ஞாபகம் வந்தது. கேட்காமல் எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். உங்கள் அண்ணனுக்கு நானே போன் செய்தேன், ஆம், நானே. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஊரில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மறுநாள் கூப்பிட்டார்.

"எங்க மாதிரி செய்ய வேணாம்னு சொல்றாங்க மை. அது எங்க ஆளுங்களுக்கு. உங்க அப்பாவுக்கு எந்த சத்தம் தெரியுமோ அந்த சத்தத்துல கூப்புடுங்க. உள்ள ஒரு ஆள் இருந்து கேளுங்க. அது எல்லாருக்கும் பொது."

அதனால் அரிவாள் இல்லை. சாம்பல் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். உங்க வூட்டு அடுப்பு சாம்பல்தானே என்றார்.

அம்மா சலித்து முடித்துவிட்டாள். அப்பாவின் சைக்கிளைத் துடைத்து, டயருக்குக் காற்றடித்து வைத்திருக்கிறாள். பெல்லுக்கு எண்ணெய் போட்டது நான். பொழுது சாய்ந்ததும் அவள் அதைத் தள்ளிக்கொண்டு சுடுகாட்டுப் பாதை வரை போவாள். அக்கம்பக்கம் பார்க்கும். பேசும். அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் போகிறாள்.

வெளிச்சம் குறைந்துவிட்டது அக்கா, எழுத்து தெரியவில்லை. சாம்பல் தூவிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டேன். உங்கள் அறைப் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி வாயிலேயே இருக்கிறது.

தெருமுனையில் பெல் சத்தம் கேட்கிறது.